செய்தித்தாள் விரிக்கும் ரத்தக்காட்டேரி

வியாகோவுக்கு வயது 379. பழைய காலத்துக் கனவான். சட்டைக் கை மடிப்பு கலைந்தால்கூட வருத்தப்படுகிற ரகம். அன்றிரவு ஒரு பெண்ணை வீட்டுக்கு அழைத்து வந்து உட்கார வைத்திருக்கிறான். இனிமேல் என்னவெல்லாம் செய்யப்போகிறேன் என்று அவள் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டே அவள் காலடியில் செய்தித்தாள்களை விரிக்கிறான். துண்டுகளை எடுத்து அக்கம்பக்கம் செருகுகிறான். அவள் உயிர் போவது பற்றி ஒன்றுமில்லை, இருக்கையில் கறை படியக் கூடாது. எல்லாம் சரி என்று தோன்றியதும் கழுத்தில் வாய் வைக்கிறான். பல் பெரிய தமனியில் இறங்கிவிடுகிறது. ரத்தம் பீய்ச்சியடிக்கிறது. அவன் முகம், உடை, அறை எல்லாம் சிவப்பு. விரித்த தாள் ஒன்றுக்கும் உதவவில்லை.

நடந்தது ஒரு கொலை. பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில் வெடித்துச் சிரிக்கிறார்கள். சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். இன்னும் சிலர் கொட்டாவி விடுகிறார்கள்.

படத்தின் பெயர் 'வாட் வி டூ இன் த ஷேடோஸ்'. நியூசிலாந்துக்காரர்களான ஜெமெய்ன் கிளெமென்ட்டும் டைக்கா வைட்டிட்டியும் சேர்ந்து எழுதி இயக்கி நடித்து, 2014 ஜனவரியில் சன்டான்ஸ் விழாவில் திரையிட்டார்கள். வியாகோவாக வருபவர் வைட்டிட்டிதான். வெலிங்டன் நகரத்தில் ஒரே வீட்டில் குடியிருக்கும் நான்கு ரத்தக்காட்டேரிகளை ஓர் ஆவணப்படக் குழு பின்தொடர்வதாகக் கதை. திரைக்கதை இருந்தும் அதை நடிகர்களிடம் காட்டவில்லை. சூழ்நிலையைச் சொல்லிப் பேசவிட்டுப் பிடித்தார்கள். ஏறக்குறைய 125 மணி நேரம் பதிவாகி, அதில் சுமார் 85 நிமிடம் மிஞ்சியது. பெரிய வசூல் என்று சொல்ல முடியாது. ஆனால் பார்த்தவர்கள் விடாமல் அடுத்தவர்களைப் பார்க்க வைத்தார்கள். 2019 முதல் 2024 வரை அமெரிக்காவில் ஆறு பருவம் ஓடிய தொலைக்காட்சித் தொடர் இதிலிருந்து முளைத்ததுதான்.

இப்படிச் சிறு கூட்டம் தலைமேல் வைத்துக் கொண்டாடும் படங்களைப் பற்றிய கருத்துகளில் ஒரு வினோதம் உண்டு. சாதாரணப் படத்தில் கதை பிடித்தது, நடிப்பு பிடிக்கவில்லை என்று சண்டை வரும். இங்கே சண்டை, தன் உடம்புக்கு என்ன நடந்தது என்பது பற்றி. வயிறு வலிக்கச் சிரித்தேன் என்கிறார் ஒருவர். திகில் படம் என்றார்கள், ஒரு இடத்திலும் பயமில்லை என்கிறார் இன்னொருவர். நகைச்சுவை என்றார்கள், உதடுகூட அசையவில்லை என்கிறார் மூன்றாமவர். மூவரும் பொய் சொல்லவில்லை. ஒரே ஒளியும் ஒலியும் மூன்று உடம்புகளில் மூன்று விதமாக முடிந்திருக்கிறது. எப்படி?

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி ஷாக்டரும் அவருடன் லாட் வீலரும் 1962-ல் வெளியிட்ட சோதனையிலிருந்து ஆரம்பிக்கலாம். மாணவர்களை அழைத்து ஆளுக்கொரு ஊசி போட்டார்கள். உண்மையான காரணத்தைச் சொல்லவில்லை. ஒரு பகுதியினருக்கு ஏறியது அட்ரினலின். பயந்தால் நம் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி தானே ஊற்றும் அதே சரக்கு. இன்னொரு பகுதியினருக்கு வெறும் உப்புநீர். மூன்றாவது பகுதியினருக்குக் குளோர்புரோமசின். அது உடம்பின் படபடப்பை அடக்கும் மருந்து. பிறகு எல்லோருக்கும் ஒரு பழைய அடிதடி நகைச்சுவைப் படத்தின் துண்டைப் போட்டுக் காட்டினார்கள். யார் புன்னகைக்கிறார், யார் குலுங்கிச் சிரிக்கிறார் என்று மறைவிலிருந்து குறித்துக்கொண்டே வந்தார்கள்.

அட்ரினலின் ஏறியவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். உப்புநீர்க்காரர்கள் நடுவில். படபடப்பு அடங்கியவர்கள் கடைசி. பயத்தின் ரசாயனத்தை ஏற்றிக்கொண்டு போனவர்களுக்குப் பயம் வரவில்லை, சிரிப்புதான் கூடியது.

நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, மூச்சு மேலே ஏறுகிறது. இவை எந்த உணர்ச்சிக்கும் சொந்தமில்லாத பொதுச் சொத்து. எதிரே நிற்பது என்ன என்று பார்த்துத்தான் மூளை அதற்குப் பயம் என்றோ கோபம் என்றோ சிரிப்பு என்றோ பெயர் வைக்கிறது என்பது ஷாக்டரின் வாதம். அவருடைய இன்னொரு புகழ்பெற்ற சோதனையைப் பிற்காலத்தில் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அதே முடிவு கிடைக்கவில்லை. பெயர் வைப்பது அவர் நினைத்த அளவு சுலபமில்லை என்று இன்று தெரியும். ஆனால் படபடப்பு ஒரு உணர்ச்சியிலிருந்து அடுத்ததற்குக் கைமாறும் என்ற பகுதி நிலைத்துவிட்டது. டால்ஃப் ஸில்மன் 1970-களில் அதைப் பிடித்துக்கொண்டு நிறைய வேலை செய்தார். கிளர்ச்சியூட்டும் எழுத்தைப் படிக்க வைத்து, அந்தப் படபடப்பு தணிந்தும் தணியாமலும் இருக்கையில் கேலிச்சித்திரம் காட்டினால் அது கூடுதலாகச் சிரிப்பூட்டுகிறது. முன்பு படித்ததுதான் காரணம் என்று பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.

ஆக, திகில் நகைச்சுவை எடுப்பவர் முதலில் படபடப்பைக் கடனாக வாங்க வேண்டும், பிறகு அதைச் சிரிப்பாகத் திருப்பிக் கட்ட வேண்டும். பயமே இல்லை என்று குறைப்படுகிறவரிடம் முதல் தவணையே வரவில்லை. சிரிப்பே இல்லை என்கிறவரிடம் பணம் வந்தது, மாற்ற முடியவில்லை.

மாற்றுவதற்கு என்ன வேண்டும்? கொலராடோ பல்கலைக்கழகத்தின் பீட்டர் மெக்ராவும் கேலப் வாரனும் 2010-ல் ஒரு விளக்கம் வைத்தார்கள். ஒழுங்கு மீறப்பட வேண்டும். அந்த மீறல் நமக்குத் தீங்கற்றது என்று அதே கணத்தில் தெரியவும் வேண்டும். இரண்டும் ஒன்றாக வந்தால் சிரிப்பு. மீறல் மட்டும் வந்தால் அருவருப்பு அல்லது பயம். தீங்கின்மை மட்டும் வந்தால் கொட்டாவி. வியாகோ கொல்கிறான், அது மீறல். அவன் தரையைப் பற்றிக் கவலைப்படுகிறான். இந்த இரண்டாவது விஷயம்தான் சாவின் எடையைக் குறைக்கிறது. செய்தித்தாளை எடுத்துவிட்டு அதே காட்சியை ஓட்டிப் பாருங்கள், வெறும் படுகொலை.

மீறலுக்கும் நமக்கும் எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்பதையும் மெக்ரா குழு அளந்தது. 2012 அக்டோபர் இறுதியில் சாண்டி புயல் அமெரிக்கக் கிழக்குக் கரையைத் தாக்கியது. அதைப் பற்றிய துணுக்குகளை வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு ஆட்களிடம் காட்டி, எவ்வளவு சிரிப்பு வருகிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். புயலின் சேதம் தெரிய ஆரம்பித்ததும் சிரிப்பு சரிந்தது. பின் மெல்ல ஏறி, 36-ஆம் நாளில் உச்சம் தொட்டது. மூன்று மாதம் தாண்டியபோது மறுபடி சப்பென்று ஆகிவிட்டது. மிக அருகில் இருந்தால் வலிக்கிறது, மிகத் தொலைவில் இருந்தால் யாருக்கு என்ன?

ரத்தக்காட்டேரியின் தொல்லை இந்தத் தொலைவுதான். பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா வந்தது 1897-ல். அப்போது நடுங்கியிருப்பார்கள். இன்று கறுப்புப் போர்வையும் கோரைப்பல்லும் குழந்தைகளின் மாறுவேடப் போட்டிச் சாமான். வெலிங்டன் ஆட்கள் இதை இரண்டு பக்கமிருந்தும் சரிக்கட்டினார்கள். ஒன்று, அடித்தள அறையில் பீட்டர் என்ற 8,000 வயதுப் பிராணியை வைத்தார்கள். 1922-ல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' மௌனப் படத்தின் வழுக்கைத் தலைக் காட்டேரியின் அச்சு. அது நிஜமாகவே பார்க்க நன்றாக இல்லை. படபடப்புக் கணக்கில் வரவு அதுதான். மற்றது, மாடியில் இருக்கும் மூன்று பேரை வாடகை வீட்டுச் சள்ளைகளில் மாட்டிவிட்டார்கள். பாத்திரம் கழுவுவது அவர்களில் ஒருவனான டீக்கனின் முறை. ஐந்து வருடமாகக் கழுவவில்லை. கழுவுதொட்டியில் ரத்தம் காய்ந்த பாத்திரங்கள் மலையாகக் கிடக்கின்றன. வியாகோ வீட்டுக் கூட்டம் கூட்டிப் பஞ்சாயத்து வைக்கிறான்.

என்னைக் கேட்டால் படத்தின் உயரமான இடம் ரத்தம் தெறிக்கும் காட்சியும் இல்லை, பஞ்சாயத்தும் இல்லை. இரவு ஊர் சுற்றக் கிளம்புகிறார்கள். கண்ணாடியில் உருவம் தெரியாது என்பதால் உடை எப்படி இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் படம் வரைந்து காட்டுகிறார்கள். பிறகு கேளிக்கை விடுதி வாசலில் நின்று பவுன்சரிடம், உள்ளே வாருங்கள் என்று எங்களை அழையுங்களேன் என்று கெஞ்சுகிறார்கள். அழைக்காமல் காட்டேரி நுழைய முடியாது என்பது சட்டம். இதற்குச் சிரிக்க வேண்டுமானால் அந்தச் சட்டம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவருக்கு அங்கே மீறல் எதுவும் இல்லை. யாரோ மூன்று பேர் வாசலில் நிற்கிறார்கள், அவ்வளவுதான். உதடு அசையவில்லை என்ற மூன்றாமவரைப் போன்றவர்களில் பாதிப் பேர் இப்படி வெளியே நிற்பவர்கள் என்பது என் ஊகம். சட்டங்களும் நாம் நினைப்பதுபோல ஆதிகாலத்தவை அல்ல. ஸ்டோக்கரின் டிராகுலா பகலில் நடமாடுவார். வெயில் பட்டால் காட்டேரி அழியும் என்பது 'நோஸ்ஃபெராட்டு' திரையில் சேர்த்த விதி.

கழுத்துக் காட்சிக்குத் திரும்புவோம். அங்கே ரத்தம் பீய்ச்சுவதை மிகை என்று தள்ள முடியாது. இதயம் சுருங்கும்போது தமனியில் அழுத்தம் 120 மில்லிமீட்டர் பாதரசம் என்று மருத்துவர் சொல்கிறாரே, அதை ரத்தத்தின் உயரமாக மாற்றினால் சுமார் ஒன்றரை மீட்டர். ஸ்டீஃபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் இதைக் கண்ணால் பார்த்தார். ஒரு பெண்குதிரையின் தொடைத் தமனியில் குழாய் செருகி, மேலே நெடிய கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். ரத்தம் எட்டடிக்கு மேல் ஏறி, ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறி இறங்கியது. 1733-ல் அவர் நூல் வெளிவந்தது. ரத்த அழுத்தத்தை மனிதர் அளந்த முதல் கணக்கு அது. கழுத்தில் தமனிக்குப் பக்கத்திலேயே அழுத்தம் மிகக் குறைந்த சிரையும் ஓடுகிறது. வியாகோ சற்றுத் தள்ளிக் கடித்திருந்தால் துண்டே போதும்.

நிஜ ரத்தக்குடியர்கள் இந்தத் தவறைச் செய்வதில்லை. மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா வரை வாழும் ரத்தவௌவால், தூங்கும் மாட்டின் தோலை முன்பல்லால் மேலோட்டமாகச் சீவி, கசிவதை நக்குகிறது. ரத்தம் உறையாமலிருக்க எச்சிலில் ஒரு புரதம் வைத்திருக்கிறது. கண்டுபிடித்தவர்கள் அதற்கு டிராகுலின் என்றே பெயரிட்டார்கள். இரையை எழுப்பாமல், பயமுறுத்தாமல் காரியத்தை முடிக்கிறது.

பயமுறுத்தாமல் இருப்பதில் வேறொரு லாபமும் இருக்கலாம். பயத்தில் ரத்தம் உறையும் என்று பேச்சு வழக்கில் சொல்கிறோமே, நெதர்லாந்தின் லெய்டன் ஆராய்ச்சியாளர்கள் அதைச் சோதித்தார்கள். இளவயதினர் 24 பேருக்கு 'இன்சிடியஸ்' என்ற பேய்ப்படத்தையும், ஷாம்பெயின் தயாரிப்பு பற்றிய சாதுவான ஆவணப்படத்தையும் வெவ்வேறு நாளில் காட்டி, முன்னும் பின்னும் ரத்தம் எடுத்தார்கள். ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணியின் அளவு, பேய்ப்படத்தின்போது 57 சதவீதம் பேருக்கு ஏறியது. ஆவணப்படத்தின்போது 14 சதவீதம் பேருக்கு. ரத்தம் கட்டியாகவில்லை, உறைவதற்குத் தயாரானது, அவ்வளவே. அடிபட்டால் ரத்தம் நிறைய வீணாகக் கூடாது என்று உடம்பு முன்கூட்டியே மூட்டை கட்டிக்கொள்கிறது போலும். 2015-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் கிறிஸ்துமஸ் இதழில் வந்த கட்டுரை அது. திரையில் வருவது பொய் என்று முழுக்கத் தெரிந்தவர்களின் ரத்தம்தான் இப்படி மாறியது என்பதைக் கவனிக்க வேண்டும். பயமே வரவில்லை என்று வாய் சொல்வதை எந்த அளவு நம்பலாம் என்று எனக்குச் சந்தேகம் வந்தது இதைப் படித்த பிறகுதான்.

ரத்தவௌவால் பற்றி இன்னொன்று; சொல்லாமல் விட மனமில்லை. இரண்டு மூன்று இரவு ரத்தம் கிடைக்காவிட்டால் அது செத்துப்போகும். ஒருநாள் ஏமாந்து பட்டினியோடு திரும்பும் வௌவாலுக்கு, அதே பொந்தில் குடியிருக்கும் இன்னொன்று தன் வயிற்றிலிருந்து ரத்தத்தைக் கக்கி ஊட்டுகிறது. உறவுக்கு மட்டுமில்லை, நெடுநாள் பழகிய அறைத்தோழனுக்கும். ஜெரால்ட் வில்கின்சன் கோஸ்டாரிகாவில் பார்த்து 1984-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். வெலிங்டன் வீட்டுக்காரர்கள் பாத்திர விஷயத்தில் இவ்வளவு ஒத்துழைத்திருக்கலாம்.

சிரிப்புக்குத் திரும்புவோம். படபடப்பும் உண்டு, ஆபத்தில்லை என்ற தெளிவும் உண்டு. சரி, அதற்கு ஏன் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும்? மனதுக்குள் நிம்மதிப் பெருமூச்சு விட்டால் போதாதா? தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியா போன நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன் 1998-ல் இதற்கு ஒரு பதில் முன்வைத்தார். புதருக்குள் சலசலப்பு. கூட்டம் விறைத்து நிற்கிறது. ஒருவன் எட்டிப் பார்க்கிறான்; முயல். அவன் சிரிக்கிறான். பொய் அபாயம், யாரும் ஓட வேண்டாம் என்று சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கும் ஒலிக்குறிப்பு அது என்பது அவர் கருத்து. ஊசியால் குத்தினால் வலியை உணர்ந்தும் சிரிக்கிற அபூர்வமான நோயாளிகள் உண்டு. மூளையில் வலியைப் பதிவு செய்யும் பகுதி வேலை செய்கிறது, அதை ஆபத்து என்று கொள்ளும் பகுதிக்குச் செய்தி போகவில்லை. அபாயம் தொடங்குகிறது, பாதியில் ரத்தாகிறது, சிரிப்பு வருகிறது என்று விளக்குகிறார். நிரூபிக்கக் கடினமான கருத்துதான். ஆனால் பீட்டரின் அடித்தள அறைக் கதவு திறக்கும் காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

சிரிப்பு அடுத்தவருக்கான ஒலிக்குறிப்பு என்றால், அடுத்தவர் இல்லாதபோது அது குறைய வேண்டும். குறைகிறது. மேரிலாந்தைச் சேர்ந்த ராபர்ட் புரொவைன் மாணவர்களைத் தங்கள் சிரிப்புக்கு நாட்குறிப்பு எழுத வைத்தார். தனியாக இருப்பதைவிடப் பிறருடன் இருக்கும்போது சிரிப்பு 30 மடங்கு அதிகம். கடைகளிலும் நடைபாதைகளிலும் ஒட்டுக்கேட்டதில், சிரிப்புக்கு முன்னால் சொல்லப்பட்ட பேச்சில் பெரும்பகுதி நகைச்சுவையே இல்லை என்பதும் தெரிந்தது. நள்ளிரவுக் காட்சியில் ஊரே குலுங்கிய கதையைக் கேட்டுவிட்டு, காதில் கருவி மாட்டிக் கைப்பேசியில் தனியாகப் பார்த்து, ஒன்றுமில்லையே என்கிறவர் வேறொரு படத்தைத்தான் பார்த்திருக்கிறார். இத்தகைய படங்களின் பக்தர்கள் ஆள் சேர்ப்பதில் அவ்வளவு தீவிரம் காட்டுவதற்கும் இதுதான் காரணமாக இருக்கும். புதியவரைப் பக்கத்தில் உட்கார வைத்தால் அவர் சிரிப்பில் தங்களுக்கும் பங்கு கிடைக்கிறது.

எல்லோருக்கும் ஒரே அளவு படபடப்பு போதுமா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் பொழுதுபோக்குப் பயத்துக்கென்றே ஒரு ஆய்வுக்கூடம் நடக்கிறது. வைலே நகரத்தில் ரத்தச் சாயம் பூசிய நடிகர்கள் பாய்ந்து மிரட்டும் பேய்வீடு ஒன்று இருக்கிறது. அதற்குள் 110 பேரை இதயத்துடிப்பு அளக்கும் கருவியோடு அனுப்பினார்கள். 2020-ல் முடிவு வந்தது. பயம் கூடக்கூட மகிழ்ச்சியும் ஏறி, ஒரு கட்டத்துக்குமேல் இறங்கிவிடுகிறது. அந்த மேடு ஆளுக்கு ஆள் இடம் மாறுகிறது. பயமே இல்லை என்று குறைப்பட்ட நம் ரசிகருக்கு அது உயரத்தில் இருக்கக்கூடும்; அவர் 'இன்சிடியஸ்' பார்க்கட்டும்.

அதே பேய்வீட்டில் மத்தியாஸ் கிளாசன் குழு 2019-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு அதைவிட ருசியானது. உள்ளே போகிறவர்களில் ஒரு சாரார் முடிந்தவரை பயப்பட முயன்றார்கள். நிஜம் என்று நம்பிக்கொண்டார்கள், கத்த வந்ததை அடக்கவில்லை. மற்ற சாரார் முடிந்தவரை பயத்தைக் குறைக்க முயன்றார்கள். நடிகர்கள்தானே என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டார்கள், கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள். வெளியே வந்ததும் இரு சாராரிடமும் எவ்வளவு பயந்தீர்கள், எவ்வளவு திருப்தி என்று கேட்டார்கள். பயந்த அளவு வேறுவேறாக இருந்தது. திருப்தியில் வித்தியாசம் இல்லை.